உயரம் கம்மி, வளைவு அதிகம், பணம் அளவு: துணியை எப்படி எடுப்பது?

என் உயரம் 151 சென்டிமீட்டர். உடம்பு பூசினாற்போல். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். ரெடிமேட் துணியைப் போட்டால் எனக்கு ஆடை முக்கால், ஆள் கால்தான். தொடைக்குச் சரியாக இருக்கும் பேன்ட் தரையைப் பெருக்கும். மார்புக்குச் சரியாக இருக்கும் சட்டையின் தோள் தையல் கையில் இறங்கி உட்கார்ந்திருக்கும். தோளுக்குச் சரியான சட்டையை எடுத்தால் பட்டன்களுக்கு நடுவே வாய் பிளந்து சிரிக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பேன்ட் வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே மணிபோல விரியும் வகை. தள்ளுபடியில் கிடைத்தது, நிறமும் அருமை. நீளம்தான் 13 சென்டிமீட்டர் கூடுதல். வெட்டித் தைத்துக்கொள்ளலாம் என்று தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் சொன்னபடி வெட்டித் தைத்தார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் விரிந்த பகுதி முழுக்க அந்த 13 சென்டிமீட்டரில்தான் இருந்தது. எந்த அழகுக்காக வாங்கினேனோ அது துண்டாகக் கையில் வந்தது, பேன்ட் குழாயாக நின்றது.

அந்தத் துண்டைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எந்தக் கடையில் வாங்கலாம், எந்தப் பிரிவில் தேடலாம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த உடை என் உடம்பில் எந்த இடத்தில் பொருந்தவில்லை, அந்த இடத்தைப் பிற்பாடு சரிசெய்ய முடியுமா? பதில் உடைக்கு உடை மாறும். பேன்ட்டுக்குச் சரியான வழி கோட்டுக்குச் சரிவராது. ஆகவே "பெட்டீட் பிரிவா, சாதாரண அளவா, தைத்துப் போடுவதா" என்று மொத்தமாக ஒரு முடிவு எடுப்பதில் அர்த்தம் இல்லை.

அளவு அட்டையில் நாம் ஏன் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெட்டீட் என்றால் ஒல்லி என்று பலர் நினைக்கிறார்கள். ஆடைத் தொழிலில் அது உயரத்தைக் குறிக்கும் சொல், அவ்வளவுதான். பொதுவாக 5 அடி 4 அங்குலம், அதாவது 163 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கு வெட்டிய உடை. தோளிலிருந்து இடுப்பு வரை உள்ள தூரம், கவட்டு உயரம் (கவட்டிலிருந்து இடுப்புப் பட்டை வரை), கை நீளம், முழங்கால் வரும் இடம் எல்லாவற்றையும் அதில் குறைத்திருப்பார்கள். சுற்றளவு வேறு கணக்கு. குள்ளமாகவும் பருமனாகவும் இருப்பவர்களும் பெட்டீட்தான்.

அளவுகளை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1939, 1940-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். அதிலும் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அந்தத் தரவையும் அடிப்படையாக வைத்து 1958-ல் ஓர் அரசுத் தரநிலை வந்தது. அதில் மார்பு அளவோடு உயரத்துக்குக் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று எழுத்து. சீட் பகுதி, அதாவது பிட்டம், பெரிதா சிறிதா என்று காட்டத் தனிக் குறியும் உண்டு. அதாவது குட்டையாகவும் வளைவாகவும் இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தாளிலாவது ஓர் இடம் இருந்தது! நிறுவனங்கள் அதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை, 1983-ல் தரநிலையே கைவிடப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் போடுகிறது. எண் சிறிதாக இருந்தால் வாங்குபவருக்குச் சந்தோஷம் என்பதால் அதே எண்ணுக்குள் உடை வருடா வருடம் பெருத்துக்கொண்டும் வந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1958-ல்தான் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் எலாஸ்டேன் இழையை உருவாக்கினார். இழுத்தால் நீளும் துணி வந்த பிறகு, அளவாக வெட்ட வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. பொருந்தாததை இழுவை சமாளித்துக்கொள்ளும். ஆனால் இழுவை குறுக்கே உதவுமே தவிர, நீளத்தைக் குறைக்காது. நம் பிரச்சினையில் பாதி அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. தையல் மாதிரிகள் பெரும்பாலும் பிரா அளவில் பி கப் என்று சொல்லும் மார்பைக் கணக்கிட்டு வரையப்படுகின்றன. அதைவிடப் பெரிய மார்பு என்றால் அளவு அட்டை நம்மை ஒரு படி, இரண்டு படி மேலே அனுப்பும். மேலே போகப் போகத் தோளும் கைக்குழியும் கழுத்தும் கூடவே பெரிதாகும், நீளமும் கொஞ்சம் கூடும். நம் தோள் எலும்பு வளரவில்லையே! ஆக, குள்ளமாக இருப்பதால் வரும் சிக்கலை வளைவு இரட்டிப்பாக்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு "ஒரு சைஸ் பெரிதாக எடு" என்பது பரிகாரம், நமக்கு அதுவே நோய்.

எதை ஆல்ட்டர் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

கீழ்ப்பக்கம் மடித்துத் தைப்பது எளிது, மலிவு. பாவாடை, கவுன், நேர்க்கால் பேன்ட் எதுவானாலும் சரி. இடுப்பை ஒடுக்குவதும் எளிதுதான். பேன்ட்டில் பின்பக்க நடுத்தையலைப் பிரித்து உள்ளே பிடிக்கலாம். சட்டையில் முதுகுப் பக்கம் இரண்டு நீள டாட், அதாவது கூராக முடியும் தையல் மடிப்பு, பிடித்தால் மார்புக்காக வாங்கிய சட்டை இடுப்பிலும் உட்காரும். எனக்குப் பிடித்த ஆல்ட்டரேஷன் இதுதான். சின்ன வேலை, சாதாரணச் சட்டை அளவெடுத்துத் தைத்தது மாதிரி ஆகிவிடும்.

கை நீளம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய சமாச்சாரம். கஃப் இல்லாத கையை வெட்டித் தைப்பது சுலபம். பட்டன் வைத்த கஃப் என்றால் அதைப் பிரித்து மேலே ஏற்ற வேண்டும், கூலி ஏறும். அதற்குப் பதில் முன்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொள்ளலாம். நீளப் பிரச்சினையும் தீர்ந்தது, மணிக்கட்டும் தெரிகிறது.

தோள், கைக்குழி, கவட்டு உயரம்: இந்த மூன்றையும் தொடாதீர்கள். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையையே கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும், லைனிங் உள்ள கோட்டில் அது பெரிய அறுவை சிகிச்சை. கவட்டு உயரம் கூடுதலாக இருந்தால் இடுப்புப் பட்டை, ஜிப், பாக்கெட் எல்லாம் கூடவே வரும். ஆடையின் விலையைவிடக் கூலி அதிகமாகலாம், அப்போதும் திருப்தி வராது.

லூஸாக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒடுக்குவது நம் கையில், விரிப்பது துணியின் கையில். ரெடிமேட் உடைகளின் உள்தையலில் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் துணி விட்டிருந்தாலே பெரிது. "கொஞ்சம் டைட், பிரித்துக்கொள்ளலாம்" என்று வாங்கிய எதுவும் என் அலமாரியில் உயிரோடு இல்லை. உடம்பின் அகலமான இடத்துக்குப் பொருந்துகிற அளவை வாங்கி, மிச்சத்தைப் பிடித்துத் தைப்பதுதான் வழி.

பருத்தி, ரேயான் துணிகளை வெட்டக் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். நான் கணுக்கால் வரை வெட்டச் சொன்ன ரேயான் பேன்ட் முதல் துவையலில் இன்னும் இரண்டு விரல் ஏறிக்கொண்டது.

பெட்டீட் பிரிவு, சாதாரண அளவு, பிளஸ் அளவு

பெட்டீட் பிரிவில் பெரிய நன்மை, கண்ணுக்குத் தெரியாத அளவுகள் சரியாக இருப்பது. கவுனின் இடுப்புக்கோடு நம் இடுப்பில் நிற்கும். கோட்டின் பட்டன் சரியான இடத்தில் வரும். பேன்ட்டின் முழங்கால் நம் முழங்காலில் இருக்கும். முன்பு சொன்ன தொடக்கூடாத மூன்றும் இதில் தானாகத் தீர்ந்துவிடும். குறை என்று பார்த்தால், தேர்வு குறைவு, விலை கூடுதல், தள்ளுபடிக்கு வருவதற்குள் நம் அளவு தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், பெரும்பாலான பெட்டீட் வரிசைகள் சுற்றளவில் சீக்கிரம் நின்றுவிடும். குள்ளமான ஒல்லிகளுக்கு மட்டும் யோசித்துச் செய்ததுபோல இருக்கும். குள்ளமான பருமனானவர்களுக்குப் பிளஸ் பெட்டீட் என்று தனி வரிசை வைத்திருப்பவர்கள் சொற்பம்.

பருமனானவர்களுக்கான பிளஸ் அளவுகளில் மார்புக்கும் சீட்டுக்கும் இடம் தாராளம். ஆனால் அங்கே சராசரி உயரம், அதற்கு மேலும்கூட, கணக்கில் வைத்திருப்பார்கள். கழுத்து இறங்கும், கைக்குழி வழியே உள்ளாடை தெரியும். இழுவைத் துணியில் தைத்த டாப், இடுப்பில் சுற்றிக் கட்டும் கவுன் இவற்றில் பிளஸ் அளவு பிரமாதமாக அமையும். விறைப்பான துணியில் அமைவது அபூர்வம்.

சாதாரண அளவும் ஆல்ட்டரேஷனும் சேர்ந்த வழிதான் காசு குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். தேர்வு ஏராளம், தள்ளுபடி கிடைக்கும், மேலே கொஞ்சம் கூலி. ஆனால் ஒரு நிபந்தனை: தைப்பவருக்கான கூலியை விலைச்சீட்டில் மனதுக்குள் அப்போதே கூட்டிவிட வேண்டும். மலிவாக வாங்கி, இரண்டு இடத்தில் ஆல்ட்டர் செய்தால் பெட்டீட் விலையைத் தொட்டுவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு வேலை என்றால் வாங்கலாம். இரண்டு என்றால் உடை நிஜமாகவே பிடித்திருக்க வேண்டும். மூன்று என்றால் திரும்பத் தொங்கவிட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

இதிலேயே கூலி இல்லாத ஒரு தந்திரம் உண்டு. நெட்டையானவர்களுக்குக் குட்டையாக வெட்டியது நமக்கு முழு அளவு. கணுக்காலுக்கு மேலே நிற்கும் என்று விற்கிற பேன்ட் நமக்குப் பாதம் வரை வரும். இடுப்போடு நிற்கும் கிராப் டாப் நமக்கு அடக்கமான டாப். முழங்காலுக்கு மேல் என்று படத்தில் தெரிகிற கவுன் நமக்கு முழங்காலை மூடும். நடு இடுப்பு என்று எழுதிய ஜீன்ஸ் நமக்கு உயர் இடுப்பு. உயர் இடுப்பு என்று எழுதியதோ விலா எலும்பைத் தேடி வரும்! உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஆகவே பெயரை ஒரு படி குறைத்துப் படியுங்கள். பாதிப் பிரச்சினை வாங்கும்போதே ஒழியும்.

குழந்தைகள் பிரிவு பற்றிப் பலர் ஆலோசனை சொல்வார்கள். விலை மலிவு என்பது உண்மைதான். ஆனால் அந்த உடைகளில் மார்புக்கும் சீட்டுக்கும் வடிவம் கிடையாது, நேர்க்குழாய். செருப்பு, பெல்ட், தொப்பி, சாக்ஸுக்குப் போங்கள். சட்டை பேன்ட்டுக்கு வேண்டாம்.

பழைய துணியா, புதிதாகத் தைப்பதா

ஏற்கெனவே ஒருவர் உடுத்திய துணி வாங்குவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கும். அது அவரவர் மனசு. துணியின் தரத்தை மட்டும் பார்த்தால், குறைந்த காசுக்கு நல்ல கம்பளியும் லைனிங்கோடு தைத்த கோட்டும் கிடைக்கிற இடம் அதுதான். ஏற்கெனவே பலமுறை துவைத்தது என்பதால் இனிமேல் பெரிதாகச் சுருங்காது, சாயமும் போக வேண்டியது போயிருக்கும். நம்மைப் போல ஒரு குள்ளப் பெண்மணி முன்னமே வெட்டித் தைத்துவைத்த பேன்ட் சில நேரம் மாட்டும், அது அதிர்ஷ்டம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. உள்ளே இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், பழைய உடைகளில் அதே எண் இன்றைய அளவைவிடச் சிறிதாக இருக்கும். டேப்பைக் கையில் எடுத்துப் போங்கள். அப்புறம், பிரித்து விரிக்க வேண்டிய பழைய உடையை வாங்கவே கூடாது. பழைய தையல் கோடு வெளுக்காமல் தனி நிறத்தில் தெரியும், ஊசித் துளைகளும் போகாது.

அளவெடுத்துத் தைத்துப் போடுவது எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்கிற மாதிரி தோன்றும். தோள் சரி, மார்பு சரி, நீளம் சரி. குள்ளமாக இருப்பதில் உள்ள ஒரே பொருளாதார லாபமும் இதில்தான்: துணி குறைவாகப் பிடிக்கும். அகலப் பன்னாத் துணியில் மற்றவர்களுக்கு இரண்டு நீளம் வேண்டிய இடத்தில் சில மாதிரிகள் நமக்கு ஒன்றரையில் முடிந்துவிடும். ஆனால் போட்டுப் பார்த்து வாங்க முடியாது, மனதில் உள்ள படமும் வந்து சேரும் உடையும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. முதல்முறை யாரிடம் தைத்தாலும் விலை உயர்ந்த துணியைக் கொடுக்காதீர்கள். சாதாரணத் துணியில் ஒன்று தைத்து, போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்ததை நல்ல துணியில் தைக்கலாம். நன்றாக அமைந்த அளவை எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். உடம்பு மாறாத வரை அது சொத்து.

நாமே தைக்கக் கற்றுக்கொள்வது? மிஷின் வாங்கிக் கோட்டுத் தைக்கிற அளவுக்குப் போக வேண்டியதில்லை. கையால் ஓரம் மடித்துத் தைப்பது, பட்டனை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்துவது, மார்புக்கு நேரே இரண்டு பட்டன்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பிரஸ் பட்டனை உள்பக்கம் வைப்பது, பாவாடை எலாஸ்டிக்கை மாற்றுவது. இந்த நான்கும் தெரிந்தால் வருடத்தில் பாதிக் கூலி மிச்சம். வாய் பிளக்கும் சட்டைக்கு அந்தப் பிரஸ் பட்டனைவிட நல்ல மருந்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

உடைக்கு உடை என் தீர்ப்பு

பேன்ட், ஜீன்ஸ்: சாதாரண அளவில் வாங்கி வெட்டுங்கள். நேர்க்கால் வெட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். கீழே ஒடுங்கும் வகையை வெட்டினால் ஒடுக்கம் போய் அகல வாயோடு நிற்கும், உள்தையலை மறுபடி ஒடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். விரியும் வகையை மட்டும் பெட்டீட்டில் வாங்குங்கள். சாதாரண அளவில் முழங்கால் ஒடுக்கம் நம் கெண்டைக்காலில் வந்து உட்காரும். என் 13 சென்டிமீட்டர் துண்டு அதற்குச் சாட்சி. சீட்டுக்குப் பொருந்தி இடுப்பில் பின்பக்கம் கை நுழைகிற இடைவெளி இருந்தால் கவலை வேண்டாம், அது எளிய வேலை. தொடைக்குப் பொருந்தாமல் இடுப்புக்கு மட்டும் பொருந்தினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கோட்டு, பிளேஸர்: இங்கேதான் பெட்டீட்டுக்கோ தைப்பதற்கோ காசு செலவழிக்கச் சொல்வேன். தோள் மட்டும் காரணம் இல்லை. சாதாரண அளவுக் கோட்டில் பாக்கெட் தொடைப்பக்கம் இறங்கிவிடும், இடுப்பு ஒடுங்கும் இடம் நம் சீட்டின் அகலமான இடத்தில் வந்து நிற்கும். வெட்டிக் குறைத்தால் பாக்கெட் அடியோரத்தில் தொங்கும். இதையெல்லாம் எந்தத் தையல்காரரும் சரிசெய்ய முடியாது. காசு இல்லையென்றால் இடுப்போடு நிற்கும் குட்டை ஜாக்கெட் வகையைச் சாதாரண அளவில் பாருங்கள், அல்லது பழையதில் தேடுங்கள். ஒன்று போதும். நல்ல கோட்டு ஒன்று பத்து சுமாரான டாப்புகளைக் காப்பாற்றும்.

கவுன்: இடுப்பில் தையல் உள்ள கவுனில் தோளிலிருந்து இடுப்பு வரை உள்ள நீளம்தான் எல்லாம். அது ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் இடுப்பு, சீட்டின் மேல் படுத்துக்கொள்ளும், ஆளே இன்னும் குட்டையாகத் தெரியும். 1974-ல் ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் பிரபலமாக்கிய சுற்றிக் கட்டும் கவுனை வளைவான உடம்புக்கு எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், நானும் செய்கிறேன். சுற்றளவை நாமே கட்டி முடிவுசெய்கிறோம், கழுத்து வி வடிவில் இறங்குகிறது. ஆனால் கட்டும் நாடா எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். அது நம் இடுப்புக்குக் கீழே இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மேலே ஏறாது. மார்புக்கு நேரே விலகுவதற்குப் பழைய பிரஸ் பட்டன் வைத்தியம்தான். கவுன் சரியாகவே அமையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரே நிறத்தில் டாப்பும் பாவாடையும் தனித்தனியாக எடுத்தால் கவுன் போலவே இருக்கும், இரண்டு அளவில் வாங்கலாம், பிரித்துப் பிரித்தும் உடுத்தலாம். கைக்காசு குறைவாக இருக்கும்போது கவுனைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம்.

சட்டை: மார்புக்கு வாங்கி முதுகில் டாட். டி-சர்ட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், கழுத்து ஏறி இறுக்காமல் வி அல்லது அகல வட்டமாக இருந்தால் போதும்.

பாவாடை: இதுதான் எல்லாவற்றிலும் எளிது. இடுப்புப் பக்கம் மேலிருந்தும் குறைக்கலாம், கீழிருந்தும் குறைக்கலாம். எங்கே முடிய வேண்டும் என்பதுதான் கேள்வி. கால் ஒடுங்கும் இடத்தில் முடியட்டும்: முழங்காலுக்குச் சற்றுக் கீழே, இல்லாவிட்டால் கணுக்காலுக்குச் சற்று மேலே. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் ஓரம் நின்றால் கால் அங்கேயே வெட்டிப்போட்டதுபோலத் தெரியும். கண்ணாடி முன் நின்று துணியை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள், சரியான இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

கோடுகளும் நிறமும்

"குறுக்குக் கோடு போடாதே, குண்டாகத் தெரிவாய்." நம்மில் யார் இதைக் கேட்காமல் வளர்ந்தோம்? ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறாக எழுதிவைத்திருக்கிறார். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம், நெடுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரத்தைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்றார். பெண்களின் கவுனையே உதாரணமாகவும் காட்டினார். 2011-ல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்ஸனும் கிரியாகி மிகெல்லிடுவும் பெண் உருவப் படங்களை வைத்துச் சோதித்து, குறுக்குக் கோடு குண்டாகக் காட்டுவதில்லை என்று வெளியிட்டார்கள். நான் இதைப் படித்த வாரமே மெல்லிய குறுக்குக் கோடு போட்ட டி-சர்ட் ஒன்று வாங்கினேன். கோடுகள் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருப்பதையே எடுக்கிறேன், பட்டையான கோடுகள் மார்பின் மேல் வளைந்து நெளிவது எனக்குப் பிடிப்பதில்லை. இது ஆராய்ச்சி சொன்னது இல்லை, என் கண்ணாடி சொன்னது.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரே விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மேலிருந்து கீழ் வரை ஒரே நிறச் சாயல் இருந்தால் கண் நிற்காமல் ஓடும், உயரம் தெரியும். கறுப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பாசிப்பச்சையோ செங்கல் நிறமோ கூட இருக்கலாம். டாப்பையும் கீழாடையையும் சரிபாதியாகப் பிரிப்பதைவிட, டாப் மூன்றில் ஒரு பங்கு, கீழாடை இரண்டு பங்கு என்று இருந்தால் கால் நீளமாகத் தெரியும். டாப்பை உள்ளே செருகினாலே இது வந்துவிடும், செலவு பூஜ்யம். முழுக்கச் செருக வயிறு இடம் தராவிட்டால் முன்பக்கம் மட்டும் லேசாகச் செருகுங்கள்.

கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால்

எதை முதலில் வாங்குவது என்று ஒரு சிநேகிதி கேட்டாள். என்னைப் போலவே உருவம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். முதலில் சரியான அளவில் ஒரு பிரா என்றேன். சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது? மார்பு இரண்டு விரல் மேலே நின்றால் இடுப்பு தெரியும், மேல் உடம்பு நீளும், ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் அத்தனை சட்டையும் வேறு மாதிரி உட்காரும். ஒரு காசில் பத்து உடைக்கு ஆல்ட்டரேஷன்.

அடுத்து அடர் நிறத்தில் நேர்க்கால் பேன்ட் ஒன்று, வெட்டும் கூலியோடு சேர்த்துக் கணக்கிட்டு. அதே நிறச் சாயலில் ஒரு டாப், மாறுபட்ட நிறத்தில் ஒன்று. அதன் பிறகு பாவாடை. கோட்டுக்குத் தனியாகக் காசு சேர்க்கச் சொன்னேன், அவசரப்பட்டுத் தோள் தொங்கும் ஒன்றை எடுத்துவிடாதே என்று. ஒரு மலிவான உடையை மூன்று முறை போட்டுத் தூக்கி எறிவதையும், அதைவிட நாலு மடங்கு விலையுள்ளதை நூறு முறை போடுவதையும் காகிதத்தில் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். வகுத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், வீட்டில் நன்றாகப் பொருந்தும் பேன்ட்டையும் சட்டையையும் தரையில் விரித்து அளந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உடம்பளவைவிட இந்த அளவுதான் உதவும், ஏனென்றால் பல இடங்களில் உடையின் அளவையே கொடுத்திருப்பார்கள். மாடலின் உயரம் 175 என்று போட்டிருந்தால் நமக்கு இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் வித்தியாசம், அந்தக் கவுன் எங்கே முடியும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்று முதலிலேயே பாருங்கள்.

போட்டுப் பார்க்கும் அறையில் நின்றபடி மட்டும் பார்க்காதே என்றும் சொன்னேன். உட்கார், கையை மேலே தூக்கு, குனிந்து செருப்பைத் தொடு. போன வாரம் போன் செய்தாள். தோளுக்கும் மார்புக்கும் கச்சிதமாக இருந்த ஒரு பிளேஸரைக் கையைத் தூக்கிப் பார்த்ததில் கைக்குழி காட்டிக்கொடுத்துவிட்டதாம். வாங்காமல் வந்துவிட்டாள். காசு பையிலேயே இருக்கிறது, அடுத்த மாதம் தைக்கக் கொடுக்கப் போகிறாள்.